குலவைக்கு ஒற்றை நட்சத்திரம்

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே யார்மேலும் கோபமாக இருக்க முடியாது என்பது முத்துராக்குவுக்கு அன்றைக்குக் காலையில்தான் தெரிந்தது. கோபத்தோடுதான் உட்கார்ந்தாள். கூடத்துத் தரையில் பழைய பேப்பரை விரித்து, கீழ்வீட்டு ஜெயக்கொடி கொடுத்த கீரையை அதன்மேல் பரப்பி, செல்போனைச் சீனி டப்பாவில் சாய்த்துவைத்து, இன்றைக்கு ஒரு நட்சத்திரம், ஒரே ஒரு நட்சத்திரம், அதற்கு மேல் ஒன்று போட்டாலும் நான் முத்துராக்கு இல்லை என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு முதல் காம்பைக் கையில் எடுத்தாள். காம்பின் நுனியைப் பிடித்து இன்னொரு கையால் ஒரு இழுப்பு இழுத்தால் இலையெல்லாம் விரலிடுக்கில் குளிர்ச்சியாகச் சேர்கிறது, பச்சை வாசனை மூக்கில் ஏறுகிறது, கோபம் பாதி இறங்கிவிடுகிறது. இறங்கவிடக் கூடாது. போனில் மூன்று புள்ளிகள் ஒன்றையடுத்து ஒன்றாகக் குதித்துக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே, உங்கள் கருத்து எங்களுக்குப் பொன்னானது, தயவுசெய்து காத்திருங்கள் என்று எழுதியிருந்தது. பொன்னாம். பொன்னென்றால் பீரோவில் வைத்துப் பூட்ட மாட்டார்களா, இவள் கொடுத்ததையெல்லாம் எங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள்? வெள்ளிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். புருஷன் சோலைமலை மிச்சப் பத்திரிகையைக் கொடுக்க மேலூர்ப் பக்கம் போயிருக்கிறார், மகள் பாண்டிமீனா ஜாக்கெட் அளவு சரிபார்க்கத் தையல்கடைக்குப் போயிருக்கிறாள், வீட்டில் ஒட்டடை அடிக்கவில்லை, மாவு அரைக்கவில்லை, இவளோ காது கேட்கும் கருவி செய்கிற கம்பெனியோடு சண்டைபோட உட்கார்ந்திருக்கிறாள். சண்டைக்கும் ஆள் வரக் காணோம்.

சண்டை கருவியோடா, அதை ஆட்டிவைக்கிற செயலியோடா என்று கேட்டால் அதுவும் குழப்பம்தான். கருவிமேல் அவளுக்குக் கோபமே கிடையாது. ஸ்பின்னிங் மில்லில் நூல் நூற்கிற ரிங் பிரேம் மிஷின்களுக்கு நடுவில் நின்ற வருஷங்களெல்லாம் சேர்ந்து காதைத் தின்றுவிட்டிருந்தன. லாரி கேட்கும், மிக்சி கேட்கும், லாரிக்கும் மிக்சிக்கும் இடைப்பட்ட குரலுள்ள சோலைமலை கேட்பார். உச்சத்தில் வருகிற மெல்லிய சத்தம் ஒன்றுகூட வராது. கொலுசு, குருவி, குக்கர் விசில் எல்லாம் எப்போது கிளம்பிப்போயின என்றே தெரியாமல் போய்விட்டிருந்தன. மீனா சம்பாதிக்க ஆரம்பித்ததும் முதல் காரியமாக இந்த இரண்டையும் வாங்கிவந்து அம்மாவின் காதுக்குப் பின்னால் மாட்டிவிட்டாள். அன்றைக்கு ரசத்துக்குத் தாளித்தபோது சட்டிக்குள் யாரோ சின்னதாகக் கைதட்டுகிற மாதிரி ஒரு சத்தம், என்ன இது என்று குனிந்து பார்த்தால் கடுகு. "ஏ மீனா, கடுகு வெடிக்குதுடீ, இங்க வந்து கேளுடீ!" என்று அவள் போட்ட கூப்பாட்டில் மீனா பதறி ஓடிவந்தாள், கடுகு கருகிப்போனது, அந்த ரசத்தை மூன்று பேரும் ஒரு குறையும் சொல்லாமல் குடித்தார்கள். அப்பேர்ப்பட்ட கருவியை எப்படித் திட்டுவது? ஆனால் கருவிக்கு ஒரு செயலி உண்டு, அது போனுக்குள் இருக்கிறது, அதற்கு அவ்வப்போது அப்டேட் என்று ஒரு புதுப்புத்தி வரும். ஆடி மாசத்தில் ஒருநாள் யாரையும் கேட்காமல் ஒரு புதுப்புத்தி வந்து, இனி உங்கள் உலகில் இரைச்சல் இல்லை, வாழ்த்துகள் என்று சொல்லித் திரையெல்லாம் பூ உதிர்த்துவிட்டுப் போனது. இரைச்சல் போனது உண்மைதான். சோலைமலையின் மத்தியானக் குறட்டைகூட மட்டுப்பட்டது, அதற்காக அவள் மறுநாளே மனசார நன்றி எழுதி அனுப்பினாள். குறட்டையோடு சேர்த்து அது வேறு எதைத் தூக்கிக்கொண்டு போனதென்பது கொஞ்சநாள் கழித்துத்தான் தெரிந்தது.

குலவையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் ஒரு பக்கம் சிரிப்பு வருகிறது, இன்னொரு பக்கம் பயம் வருகிறது, இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வருகிறதோ. நாத்தனார் பேரனுக்கு அழகர்கோயிலில் காதுகுத்து. ஆசாரி பையனின் வலது காதில் ஊசியை வைத்தார், பையன் வீலென்று கத்தினான், கத்தியதை இவள் அவன் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள், உடனே குலவையை எடுத்தாள். அவள்தான் எடுக்க வேண்டும். சோலைமலை வகையறாவில் என்ன விசேஷமென்றாலும் முத்துராக்கு எடுத்தால்தான் மற்றவர்கள் பின்னால் வருவார்கள். மில்லில் ஆயுதபூசை அன்றைக்கு மிஷினை நிறுத்தாமலே இவள் போட்ட குலவை கேட் வரைக்கும் கேட்டதென்று வாட்ச்மேன் சொன்னது உண்டு. நாக்கு சுழன்றது, தொண்டை அதிர்ந்தது, காதில் மட்டும் ஒன்றும் வரவில்லை, துண்டைப் போட்டு மூடிய மாதிரி ஏதோ ஒரு முனகல். போட்டோமா, போடவில்லையா? சந்தேகம் வந்து கண்ணை மூடிக்கொண்டு இன்னும் பலமாகப் போட்டாள். கண்ணைத் திறந்தபோது மற்றவர்களெல்லாம் எப்போதோ நிறுத்தியிருந்தார்கள். அழுதுகொண்டிருந்த பையனே அழுகையை விட்டுவிட்டு இவளை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஆசாரி ஊசியைக் கையில் பிடித்தபடி நின்றார். நாத்தனார்தான், "ஏத்தா முத்துராக்கு, இன்னொரு காது பாக்கி இருக்கு, அதுக்குக் கொஞ்சம் மிச்சம் வையித்தா" என்றாள். கூட்டமே சிரித்தது, இவளும் சிரித்தாள், எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். திரும்பி வருகிற பஸ்ஸில்தான் அந்தப் பயம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. மீனாவுக்குத் தாலி ஏறும்போதும் இப்படி ஆகுமா? மாப்பிள்ளை வீட்டார் பார்க்க, மேளம் நின்ற பிறகும் மணமகளின் ஆத்தா ஒருத்தி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு லுலுலுலு என்று நிற்பாளா? அதற்குப் பயந்து பாதியில் நிறுத்தினால், அவள் நிறுத்தினாளென்று எல்லோரும் நிறுத்தினால்? அதெல்லாம்கூடப் போகட்டும். தன் பிள்ளை கழுத்தில் தாலி ஏறுகிற நேரத்தில் அத்தனை பொம்பளைகளும் சேர்ந்து போடுகிற அந்தச் சத்தம் தனக்கு மட்டும் வராமல் போவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அதற்காகத்தான் இத்தனை புகாரும்.

புகார் கொடுப்பதென்றால் லேசா? முதலில் தோழி என்று ஒருத்தி வருவாள், அவள் ஆளில்லை, மிஷின். எந்த ஒலியில் சிக்கல் என்று கேட்டு, பேச்சு, இசை, வாகனம், தொலைக்காட்சி, மற்றவை என்று வரிசையாகக் காட்டுவாள். குலவை பேச்சா, வாகனமா? மற்றவையைத் தொட்டால், மற்றவையைப் பற்றி மேலும் அறிய மற்றவையைத் தொடவும் என்பாள், தொட்டால் மறுபடி முதலிலிருந்து காட்டுவாள். ஒரு விரலால் குலவை என்று தட்டி அனுப்பியபோது, குலவை உங்கள் கருவியின் எந்தப் பாகம் என்று கேட்டாள் பாருங்கள், அன்றைக்கு மட்டும் கையில் கிடைத்திருந்தால்! அவளைத் தாண்டினால் ஆள் வரும். முதலில் பிரவீன் என்று ஒரு பையன் வந்தான், காதில் அழுக்கு இருக்கும் துடையுங்கள் அம்மா என்றான், துடைத்தாள். அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள் என்றான், போட்டாள். அப்புறம் சுவாதி என்று ஒரு பெண், விசில் போன்ற சத்தம் வராமல் இருப்பது எங்கள் புதிய மேம்பாட்டின் வெற்றி என்று இவளையே வாழ்த்திவிட்டுப் போனாள். ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஐந்து நட்சத்திரங்கள் வெறுமையாக வந்து நிற்கும், இவர் சேவை எப்படி இருந்தது என்று கேட்கும். எப்படி இருந்தது! காரியம் ஆகவில்லைதான். அதற்காக, பெற்றவள் தூரத்தில் இருக்க எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்து முகம் தெரியாதவர்களிடம் அழுக்கைத் துடை அழுக்கைத் துடை என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு ஒரு நட்சத்திரம் போட எந்தக் கை வரும்? மில்லில் ஒருத்தி பெயருக்கு நேரே மேஸ்திரி சிவப்பு மையால் ஒரு சுழி போட்டால் அவள் அன்றைக்குச் சாப்பிட மாட்டாள், அதை இவள் பார்த்திருக்கிறாள். ஐந்தையும் தொட்டு மஞ்சளாக்கினாள். பிரவீனுக்கு, நல்லா இருய்யா, வேளாவேளைக்குச் சாப்பிடு என்று எழுதினாள். சுவாதிக்கு, சீக்கிரம் நல்ல இடம் அமையட்டும் தாயி என்று எழுதினாள். அவளுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருக்குமோ என்ற கவலை இரண்டு நாள் இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் மீனா இந்தப் போனை வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே சோபாவில் சரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்து, கல்யாணத்துக்காகப் பூசியிருந்த என்னவோ ஒரு களிம்பு கன்னத்தில் வழிந்தது. "அம்மா, அஞ்சு ஸ்டார் போட்டா பிரச்சினை தீந்துருச்சுன்னு அர்த்தம்மா. ஒவ்வொரு தடவையும் கம்ப்ளெய்ண்ட்ட நீயே குடுத்து நீயே மூடிட்டு வந்துருக்க." திரையில் காட்டினாள். உங்கள் சிக்கல் மகிழ்ச்சியுடன் தீர்க்கப்பட்டது, உங்கள் சிக்கல் மகிழ்ச்சியுடன் தீர்க்கப்பட்டது என்று மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரே மகிழ்ச்சி. "நான் அந்தப் பயலுக்குல்லடி போட்டேன்?" என்றாள் முத்துராக்கு. "பயலுக்குத் தனி, பிரச்சினைக்குத் தனின்னு அங்க கெடையாதும்மா." கிடையாதாம். என்ன ஊர் அது, வந்தவனை வாப்பா என்று சொன்னால் வீட்டில் குறையே இல்லை என்று எழுதிக்கொள்கிற ஊர்? மீனா சிரிப்பை நிறுத்திவிட்டுக் கிட்டே வந்து உட்கார்ந்தாள். "நாளைக்கு மறுபடி எழுது. யார் வந்தாலும் ஒரே ஒரு ஸ்டார். என் கல்யாணத்து மேல சத்தியம் பண்ணு." "சீ, கல்யாணத்து மேல எவடி சத்தியம் பண்ணுவா?" "அப்ப சோத்து மேல பண்ணு." சோற்றின் மேல் பண்ணினாள். பண்ணிவிட்டு, பேசாமல் இந்தக் குலவையை நாத்தனார் எடுக்கட்டும், நான் பின்னால் வாயசைக்கிறேன் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "நீ போடாம நான் கழுத்த நீட்ட மாட்டேன்" என்று மீனா எழுந்து போய்விட்டாள். சொல்லிவிட்டுப் போனவளின் குரல் கடைசியில் கொஞ்சம் கம்மியதையும் இந்தக் கருவி கொண்டுவந்து கொடுத்தது, அதையும் சொல்ல வேண்டும்.

புள்ளிகள் நின்றன. வணக்கம், நான் மௌசுமி, இந்த உரையாடல் தானாக மொழிபெயர்க்கப்படுகிறது, இன்று உங்கள் காதுகள் எவ்வாறு உள்ளன? முத்துராக்கு கையிலிருந்த காம்பைக் கீழே வைத்தாள். காதுகள் எவ்வாறு உள்ளனவா! வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்பதுபோல் அல்லவா கேட்கிறாள். கோபத்தில் மிச்சமிருந்த பாதியில் பாதி அங்கேயே போயிற்று. சோறு, சோறு என்று தனக்கே நினைவுபடுத்திக்கொண்டு, கைப்பச்சையைச் சேலையில் துடைத்துவிட்டு, எல்லாவற்றையும் எழுதினாள். குலவை என்றால் என்ன, எப்போது போடுவோம், காதுகுத்தில் என்ன ஆயிற்று, வெள்ளிக்கிழமை என்ன, மகள் என்ன சொன்னாள் எல்லாம். எழுதி முடிப்பதற்குள் கீரை வாடிவிடும் போலிருந்தது. அந்தப் பக்கம் புள்ளிகள் வெகுநேரம் குதித்தன. இதோ இப்போது அழுக்கைத் துடைக்கச் சொல்லப்போகிறாள், சொல்லட்டும், சொன்னால் ஒரு நட்சத்திரம் போடக் கை வரும். ஆனால் வந்தது வேறு: இந்த ஒலியை நான் நேரடியாகக் கேட்க விரும்புகிறேன், தயவுசெய்து ஒரு மாதிரியை உருவாக்கி அனுப்புங்கள். இத்தனை பேரில் கேட்கிறேன் என்று சொன்னது இவள் ஒருத்திதான். காதுக்குக் கருவி விற்கிற கம்பெனியில் அப்படி ஒருத்தி இருப்பாளென்று முத்துராக்கு நினைக்கவே இல்லை.

அனுப்பலாம். வாய் இருக்கிறது, போன் இருக்கிறது. ஆனால் காரணமில்லாமல் குலவை போடுவதா? மாமியார் இருந்தவரை அதைச் சொல்லிச் சொல்லியே வைத்திருந்தாள், சும்மா போடுகிற குலவை வீட்டுக்கு ஆகாது, ஏதாவது ஒரு நல்லது நடக்க வேண்டும், அப்போதுதான் வாயைத் திறக்கணும். கல்யாணத்தை வைத்துக்கொண்டு ஆகாததைச் செய்ய முடியுமா? தாலி கட்டும்போது போட்டு அனுப்பலாமென்றால் அதற்குத்தானே இந்தப் பாடு. நல்லது, நல்லது, இந்த வீட்டில் இப்போது என்ன நல்லது நடக்கிறது? சுற்றிலும் பார்த்தாள். கீரை. ஒட்டடை. சுவரில் போன வருஷத்துக் காலண்டர். கல்யாணப் பட்டு பீரோவுக்குள் தூங்குகிறது. மீனா இந்நேரம் தையல்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பாள், அது நல்லதில் சேராது. அடுப்படிப் பக்கம் பார்வை போனபோதுதான் பிரிட்ஜ் கண்ணில் பட்டது. பால்! பால் பொங்கினால் குலவை போடலாம். பொங்கலன்றைக்குத்தான் பொங்க வேண்டுமென்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? ஒரு நிமிஷம் இரு தாயி, பால் வைத்துவிட்டு வருகிறேன் என்று எழுதினாள். அது எப்படி மொழிபெயர்ந்ததோ, தாராளமாக, பால் முக்கியம் என்று பதில் வந்தது.

நாளெல்லாம் பொங்காமல் பார்த்துக்கொள்கிற பாலைப் பொங்கட்டுமென்று பார்த்துக்கொண்டு நிற்பது விசித்திரமாக இருந்தது. கை தானாகவே தீயைக் குறைக்கப் போனது, அதட்டி இழுத்துக்கொண்டாள். பால் இவளைப் பார்த்துக்கொண்டு சாவகாசமாகக் கிடந்தது. மீனா ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயம், இவள் மில்லில் ஷிப்டு மாற்றிக்கொண்டு போய்க் கயிற்றுக்கு வெளியே நின்றாள். பிள்ளை கோட்டைத் தொட இன்னும் கொஞ்சதூரம் இருக்கிறது, முன்னால் ஒருத்தி ஓடுகிறாள், இவளுக்கு நெஞ்சு வெடிக்கிறது, கைதட்டத் தோன்றவில்லை, குலவைதான் வந்தது. மைதானமே திரும்பிப் பார்த்தது. மீனாவும் திரும்பிப் பார்த்தாள், திரும்பியதில் தடுமாறி மூன்றாவதாக வந்தாள். வீட்டுக்கு வந்ததும், "இனிமே ஸ்கூலுக்கு வராத, வந்தாலும் அதப் பண்ணாத" என்றாள். சரியென்று சொல்லி இவள் அதற்கப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்தில் கையை மட்டும் தட்டினாள். அதே பிள்ளைதான் இன்றைக்கு நீ போடாவிட்டால் கழுத்தை நீட்ட மாட்டேன் என்கிறாள். எப்போது மாறினாள்? அந்த மூன்றாம் பரிசு டம்ளரில்தான் இன்னும் காப்பி குடிக்கிறாள், வேறு டம்ளரில் கொடுத்தால் முகத்தைத் தூக்குவாள். கேட்கலாம், கேட்டால் சிரித்து மழுப்புவாள். ஓரத்தில் நுரை கட்டியது. ஆத்தாடி, மறந்தே போனேன், ஓடிப்போய்ப் போனை எடுத்து மைக் படத்தை அமுக்கிப் பிடித்தாள், பால் எழும்பியது, விளிம்பில் ஒரு கணம் நின்று யோசித்தது, அப்புறம் வழிந்தது, பர்னர் சீறியது, வலக்கையை வாய்க்கு மேல் வைத்துக்கொண்டு முத்துராக்கு குலவையை எடுத்தாள்.

தொண்டை அதிர்ந்தது. காதில் அதே துண்டு, அதே முனகல். எப்போது நிறுத்துவது? மூச்சு தீரும்வரை என்று வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். எதிர் பிளாக்கில் ரெஜினா டீச்சர் துணி காயப்போட வந்த இடத்தில், தோளில் ஈர நைட்டி தொங்க, வாய்க்கு மேல் கையை வைத்துக்கொண்டு குலவை போட்டுக்கொண்டிருந்தாள். கீழே எட்டிப் பார்த்தால் ஜெயக்கொடி தன் வீட்டு வாசலில், கையில் கரண்டியோடு, அவளும். என்ன ஏது என்று யாரும் கேட்கவில்லை. ஒருத்தி எடுத்தால் காதில் விழுந்தவள் சும்மா இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். ஒரு சத்தமும் வராமல் மூன்று பொம்பளைகளின் நாக்கும் சுழல்வதைப் பார்க்க முத்துராக்குவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, சிரித்ததில் இவள் குலவை உடைந்தது, அவர்கள் விடாமல் போட்டார்கள், போன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. அனுப்பு என்பதைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் ஜெயக்கொடி மூச்சுவாங்க மாடியேறி வந்து நிற்கிறாள். "என்னக்கா, யாருக்கு என்ன? மாப்பிள்ள வீட்ல இருந்து ஏதாச்சும் நல்ல சேதியா?" "பால் பொங்கிருச்சுடீ." ஜெயக்கொடி அடுப்பைப் பார்த்தாள், அடுப்படி மேடையில் ஓடுகிற பாலைப் பார்த்தாள், இவள் முகத்தைப் பார்த்தாள். "நல்லதுதான்க்கா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கல்யாண வீட்டில் தூக்கமில்லாவிட்டால் இப்படித்தான் என்று நினைத்தவளாகத் துணியை எடுத்து மேடையைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

போனில் புள்ளிகள் இல்லை. போய்விட்டாளா? பால் முக்கியம் என்றாளே. முத்துராக்கு மறுபடி கீரைக்கு முன்னால் உட்கார்ந்தாள், ஒரு காம்பை உருவினாள், இரண்டாவதை உருவாமல் கையிலேயே வைத்திருந்தாள். கிடைத்த ஒருத்தியையும் கத்தி விரட்டிவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டிருந்தபோது எழுத்து வந்தது, சரசரவென்று வந்தது. அம்மா, இது சத்தம் அல்ல. இது உலு. எங்கள் ஊரில் திருமணத்தில் பெண்கள் இதைச் செய்கிறார்கள். என் அக்கா திருமணத்தில் நான் மிகவும் செய்தேன், மறுநாள் குரல் இல்லை. நான் இயர்போனைக் கழற்றி அனைவரையும் கேட்கச் செய்தேன். யாருக்குத் திருமணம் என்று கேட்கிறார்கள், உங்கள் மகளுக்கு என்று கூறினேன். முத்துராக்கு அதை ஒரு தடவை படித்தாள், வாய்விட்டு இன்னொரு தடவை படித்தாள். எந்த ஊர், என்ன பாஷை, ஒன்றும் தெரியாது, அந்த ஊரிலும் ஒருத்திக்குத் தாலியோ என்னவோ ஏறும்போது இன்னொருத்தி தொண்டை கட்டுகிற அளவுக்கு நாக்கைச் சுழற்றியிருக்கிறாள். கண்ணில் நீர் வந்ததற்கு முருங்கைக்கீரையைக் குற்றம் சொல்ல முடியாது. சந்தோஷம்தான், சுத்தமான சந்தோஷம். அடுத்தடுத்து வந்தது: உங்கள் கருவி தானாகக் கீச்சிடாமல் இருக்கத் தன் கீச்சலைத் தானே அடக்குகிறது. உலுவைத் தன் கீச்சல் என்று நினைத்து அதையும் அடக்குகிறது. செயலியின் கடைசிப் பக்கத்தில் இசை என்ற பொத்தான் உள்ளது, அதை அழுத்தினால் அடக்காது. மற்ற சத்தங்களும் அதிகமாகும், எனவே தாலி நேரத்தில் மட்டும் அழுத்துங்கள். இதை முன்பே யாரும் சொல்லாததற்கு நான் வெட்கப்படுகிறேன்.

இவள் ஏன் வெட்கப்பட வேண்டும்? ஐந்து இல்லை, ஐம்பது நட்சத்திரம் போட இடமிருந்தால் போடலாம். சோறு குறுக்கே நின்றது. சோற்றின் மேல் சத்தியம் பண்ணும்போது இப்படி ஒரு பிள்ளை வருவாளென்று யார் கண்டது, தப்பித்துக்கொள்ள வழி இருக்கிறதா, கீரைச்சோறு வேறு சோறு என்று வைத்துக்கொள்ளலாமா என்று அவள் மனசுக்குள் வழக்காடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கத்திலிருந்து வந்தது: ஒரு வேண்டுகோள். எனக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்காதீர்கள். உங்கள் பழைய புகார்களைப் படித்தேன், எல்லாம் மகிழ்ச்சியுடன் மூடப்பட்டுள்ளன, நீங்கள் அனைவருக்கும் ஆசி வழங்கியுள்ளீர்கள். பொத்தான் தற்காலிகம். கருவியே குலவையை அறிய வேண்டும். அதற்கு இந்தப் புகார் திறந்திருக்க வேண்டும். ஒரு நட்சத்திரம் வந்தால் மேலாளர் பதிவை முழுமையாகத் தன் காதால் கேட்க வேண்டும், அது விதி. அவர் கேட்கட்டும். முத்துராக்கு, உனக்கு ஒன்னும் ஆயிறாதே தாயி என்று எழுதினாள். ஒன்றும் ஆகாது, அவர் திட்டுவார், பிறகு நாங்கள் தேநீர் குடிப்போம் என்று பதில் வந்தது. அப்படியானால் வெள்ளிக்கிழமை வந்துவிடு, சாப்பாடு நன்றாக இருக்கும் என்று எழுதி, சீனி டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்த பத்திரிகையைப் படம் பிடித்து அனுப்பினாள். மணமக்களுக்கு உலு என்று வந்தது. அப்புறம் அந்த ஐந்து நட்சத்திரங்களும் வெறுமையாக வந்து வரிசையில் நின்றன.

விரல் ஐந்தாவதின் மேல்தான் போய் நின்றது, பழக்கம். அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு முதலாவதுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. தொட்டாள். ஒன்று மட்டும் மஞ்சளானது. வருந்துகிறோம், உங்கள் புகார் திறந்தே உள்ளது என்று அழுகிற ஒரு மூஞ்சிப்படம் வந்தது, அந்த மூஞ்சியைப் பார்த்து அவள் சிரித்தாள். கடைசிப் பக்கம் போய் இசையைக் கண்டுபிடித்து அழுத்தினாள். மின்விசிறி ஹோவென்று வந்தது, குழாய் சொட்டியது, தெருவில் யாரோ சிமெண்ட் மூட்டை இறக்கினார்கள், எங்கிருந்தோ ஒரு குருவி, எல்லாம் ஒரேயடியாக உள்ளே வந்து உட்கார இடம் தேடின. முத்துராக்கு எழுந்து, மடியிலிருந்த கீரை சிதற, பால்கனிக்குப் போனாள். "ஏ ஜெயக்கொடி, டீச்சர், இன்னொன்னு போடப்போறேன்!" "இது எதுக்குக்கா?" என்று கீழேயிருந்து கேட்டது. "ஒரு பிள்ளைக்கு ஒத்த ஸ்டார் போட்ருக்கேன்டீ!" "அது நல்லதாக்கா?" "ரொம்ப நல்லது!" வாய்க்கு மேல் கையை வைத்தாள். எடுத்தாள். முதலில் தன்னுடையது வந்தது, கூர்மையாக, ஈரமாக, இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்கத் தோன்றுகிற மாதிரி. அதன் அடியில் ஜெயக்கொடியுடையது கரகரவென்று சேர்ந்தது. அப்புறம் எதிர் பிளாக்கிலிருந்து டீச்சருடையது, மெல்லிசாக, கொஞ்சம் பிந்தி. மூன்றும் தனித்தனியாகக் கேட்டன, மூன்றும் சேர்ந்தும் கேட்டன. ஜெயக்கொடிக்கு மூச்சு முட்டுவது கேட்டது, டீச்சர் முடிக்கப்போவது கேட்டது. அவர்கள் நிறுத்திய இடத்தில் அவளும் நிறுத்தினாள்.